ராட்வைலர் நாயைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்க்கலாமா?

முற்றத்துமரம் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் நானும் மனைவியும், 9 வயது மகளும், 4 வயது மகனும், எழுபதைக் கடந்த என் தாயாரும் இருக்கிறோம். சற்று ஒதுக்குப்புறமான தனி வீடு. காவலுக்கும் ஆகும், பிள்ளைகளுக்குத் துணையாகவும் இருக்கும் என்று ஓர் ஆண் ராட்வைலர் குட்டியை வாங்க நினைக்கிறேன். விசாரித்தால் ஒருவர் "வீட்டுப் பிள்ளை போல இருக்கும்" என்கிறார், இன்னொருவர் "என்றைக்காவது ஒருநாள் வீட்டார் மேலேயே பாய்ந்துவிடும்" என்கிறார். இதற்கு முன் சிறிய நாய் ஒன்றை மட்டுமே வளர்த்திருக்கிறேன். காவலுக்கென்று தனியாகப் பழக்க வேண்டுமா, என் தாயாரால் அதைச் சமாளிக்க முடியுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வாசற்படி எழுதியது:

அடுத்தடுத்து இரண்டு ராட்வைலர்களை வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த நாய் பெரும்பாலும் 8 முதல் 10 ஆண்டுகள்தான் உயிர்வாழும். ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் வீட்டு மனிதர்கள் காலடியிலேயே கிடக்கத்தான் அதற்கு ஆசை. ஆகவே கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டு இரவில் மட்டும் அவிழ்த்துவிடும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிட்டுவிடுங்கள். நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய் ஆள் பழக்கமற்றுப் போய், காண்பதையெல்லாம் பார்த்துக் குரைக்குமே தவிர, யாரை விடலாம் யாரை விடக்கூடாது என்று பிரித்தறியாது.

காவலுக்குத் தனியாகப் பழக்க வேண்டாம். அது பிறப்பிலேயே இருக்கிறது. அதை அடக்கிவைக்கத்தான் நீங்கள் மெனக்கெட வேண்டும். ஜெர்மனியின் ராட்வைல் ஊரில் மாடுகளை ஓட்டிச் செல்லவும் கசாப்புக்காரர்களின் வண்டியை இழுக்கவும் இதன் முன்னோர்களை வைத்திருந்தார்கள். மாட்டை உடம்பால் இடித்துத் திருப்பும் அந்தக் குணம் இன்றும் போகவில்லை. என் முதல் நாய்க்கு ஒன்றேகால் வயதானபோது, மகளுடைய தோழர்கள் நான்கு பேர் வந்து கூடத்தில் கத்திக்கொண்டு ஓடிப்பிடித்து விளையாடினார்கள். நாய் எழுந்து போய், ஓடிய பையனுக்குக் குறுக்கே நின்று, தோளால் அவனைச் சுவரோரம் ஒதுக்கி, அப்படியே அசையாமல் நிறுத்திவைத்துவிட்டது. பல் படவில்லை, உறுமவும் இல்லை. ஆனால் அந்தப் பையனின் முகம் வெளுத்துப் போனதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து விருந்தாளிப் பிள்ளைகள் வந்தால் நாய்க்கு அடுத்த அறை, நடுவே இடுப்பளவுத் தடுப்புக் கதவு என்று வைத்துக்கொண்டோம். "உன் இடத்துக்குப் போ" என்றால் தன் பாயில் போய்ப் படுக்கும்படி முதல் மாதத்திலிருந்தே பழக்குங்கள். மற்ற வித்தைகளெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரும்புத்தராசு எழுதியது:

நான் கால்நடை மருத்துவர். முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஒரு குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பதினான்காவது வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. குடை, தடி, தலைக்கவசம், தவழும் குழந்தை, தள்ளாடி நடக்கும் முதியவர் என எல்லாவற்றையும் அதற்குள் அச்சமின்றிப் பார்த்திருக்க வேண்டும். தடுப்பூசிகள் முடியாத அந்த நாட்களில், குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்னும் கொடிய தொற்றுநோய் இந்த இனத்தை எளிதில் தாக்கும் என்பதால், தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

குட்டி வேகமாக வளரட்டும் என்று சுண்ணாம்புச்சத்து மருந்து கொடுக்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளின் உடலுக்கு மிகுதியானதைத் தள்ளிவிடத் தெரியாது, எலும்பு கெட்டுவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம் என்பதால், தாய் தந்தை நாய்களின் மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். கேள்வியைக் கேட்டதும் சிரிப்பவரிடம் வாங்காதீர்கள். வளர்ந்தபின் நாளைக்கு இரண்டு வேளையாகப் பிரித்து உணவிடுங்கள். வயிறு பறை போல உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் எதுவும் வராமல் நாய் தவித்தால், இரைப்பை முறுக்கிக்கொண்டது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருந்தால் பிழைக்காது.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். "எச்சரிக்கையே இல்லாமல் கடித்துவிட்டது" என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் எச்சரிக்கையைப் பார்த்தும் புரிந்துகொள்ளாதவர்கள். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது நாய் முகத்தைத் திருப்புவதும், பசியில்லாமலே நாக்கால் உதட்டை நக்குவதும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவதும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும்படி பார்ப்பதும், உடல் திடீரென விறைத்து நிற்பதும் "போதும், விடு" என்று அது சொல்லும் மொழி. அதன்பின் உறுமினால் தயவுசெய்து அடிக்காதீர்கள். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். உங்கள் 4 வயது மகனையும் நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது.

தென்னங்கீற்று எழுதியது:

எங்கள் வீட்டில் இது ஒத்துவரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். நாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது யாரையும் கடித்ததில்லை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட, நடைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என் மாமியாரிடம் வந்து சேர்ந்தது. ஒருநாள் எதிரே பூனை ஓடியது. 48 கிலோ எடையுள்ள நாய் ஒரே இழுப்பாக இழுக்க, கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்த அவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிறகு யாரும் அதை வெளியே அழைத்துச் செல்லவில்லை, அதுவும் சுவரைப் பிறாண்ட ஆரம்பித்தது. கடைசியில் வேறொரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டோம். உங்கள் தாயாரைக் கணக்கில் சேர்க்காமல், தினமும் காலையும் மாலையும் யார் கயிற்றைப் பிடிப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

முற்றத்துமரம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. மருத்துவர் எழுதியதைப் படித்தபின், சென்ற ஆண்டு உறவினர் வீட்டு நாயை என் மகன் கட்டிக்கொண்டு நிற்கும் புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் ரசித்த படம்தான், பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். நாயின் முகம் அப்பால் திரும்பியிருக்கிறது, நாக்கு மூக்கின் மேல் இருக்கிறது, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது. மனைவியிடமும் காட்டினேன். மகனுக்கு 7 வயதாகும்வரை குட்டி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் வெளிக்கதவுக்குத் தாழ்ப்பாளும் வாசலுக்கு விளக்கும் போட்டுவிடலாம் என்கிறாள். தென்னங்கீற்று அவர்களே, உங்கள் மாமியாரின் கை இப்போது எப்படி இருக்கிறது?