தடியா, வழியா: மாணவர் போராட்டமும் போலீஸ் நடவடிக்கையும்

வைகறை:
சென்ற வாரம் இந்த இணைய மன்றத்தில், மாணவர் போராட்டத்தைப் போலீஸ் கலைப்பது பற்றிய பேச்சில், கூர்வாள், "கல் விழுந்தால் லத்தியும் விழும், இதில் பேச என்ன இருக்கிறது" என்று எழுதியிருந்தார். பேச நிறைய இருக்கிறது. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

போலீஸ் பலத்தைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதல்ல என் கேள்வி. கூட்டத்தைக் கலைக்கச் சொல்லும் அதிகாரி, அந்தக் கூட்டம் எந்தப் பக்கமாகப் போகும் என்று முதலில் பார்க்கிறாரா? மூன்று பக்கமும் தடுப்பு போட்டு, நான்காவது பக்கத்திலிருந்து கண்ணீர்ப்புகை அடித்தால் அதற்குக் கலைத்தல் என்று பெயர் இல்லை. ஓட இடமில்லாதவன் போலீஸ் வரிசையை நோக்கித்தான் ஓடுவான். அப்புறம் "தாக்க வந்தார்கள்" என்று அறிக்கை வரும்.

2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவில் மலாங் மாவட்டத்துக் கஞ்சுருஹான் மைதானத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாணவர் போராட்டம் இல்லைதான், கால்பந்து ரசிகர்கள். ஆனால் கூட்டம் கூட்டம்தான். போலீஸ் பார்வையாளர் பகுதிக்கே கண்ணீர்ப்புகை அடித்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் குறுகலான வாசல்களுக்கு ஓடினார்கள். 135 பேர் செத்தார்கள். 1964-ல் பெரு நாட்டின் லிமா மைதானத்திலும் இதே கதை, 300 பேருக்கு மேல் பலி. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வாசலைப் பார்க்காமல் புகை அடிக்கிறார்கள் என்றால், இது அறியாமை இல்லை, அக்கறையின்மை.

கூர்வாள்:
மைதானத்தையும் வளாகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். மைதானத்துக்கு மக்கள் ஆட்டம் பார்க்க வருகிறார்கள். போராட்டத்துக்கு வருகிற சிலர் தீர்மானத்தோடு வருகிறார்கள். 2010 நவம்பர் 10, லண்டன் மில்பேங்க். கல்விக் கட்டண உயர்வை எதிர்த்துப் பேரணி. ஆளுங்கட்சித் தலைமையகம் இருந்த கட்டிடத்துக்குள் புகுந்து கண்ணாடிகளை உடைத்தார்கள். கூரைக்கு ஏறிய ஒரு பதினெட்டு வயது மாணவன் கீழே கூட்டமும் போலீஸும் நின்ற இடத்துக்குத் தீயணைப்பு உருளையைத் தூக்கிப் போட்டான். யார் தலையிலும் விழாதது அதிர்ஷ்டம். அவனுக்கு 32 மாதம் சிறை கிடைத்தது. அன்று அங்கே போலீஸ் குறைவாக இருந்ததுதான் பிரச்சினை. "வழி விட்டால் போய்விடுவார்கள்" என்பது எல்லாக் கூட்டத்துக்கும் பொருந்தாது.

வைகறை:
உருளையை வீசியவனைப் பிடித்துத் தண்டித்தது சரி. ஆனால் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். இரண்டே வாரத்தில், நவம்பர் 24 அன்று, அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹால் சாலையில் ஆயிரக்கணக்கானவர்களைச் சுற்றி வளைத்துக் குளிரில் பல மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. டிசம்பர் 9 இரவு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் இன்னொரு வளைப்பு. ஒருவன் செய்ததற்கு அங்கே இல்லாத நூறு பேர் விலை கொடுத்தார்கள். கூட்டத்தை ஒரே ஆளாகப் பார்ப்பதுதான் இந்த முறைகளின் அடிப்படைக் கோளாறு.

பழைய காக்கி:
முப்பது வருடம் காக்கிச் சட்டையில் இருந்தவன். பந்தோபஸ்து என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

விடியற்காலை வண்டியில் ஏற்றி இறக்கி விடுவார்கள். எங்கே, எதற்கு என்று கடைசி ஆளுக்குத் தெரியாது. மதியத்துக்குள் கேடயம் பிடித்த கை மரத்துவிடும். ஹெல்மெட்டின் முன்கண்ணாடி மூச்சுக்காற்றில் மங்கிவிடும், தூக்கினால் கல் படும், இறக்கினால் கண் தெரியாது. பக்கத்தில் நிற்பவன் போன மாதம் பயிற்சி முடித்து வந்த பையன். எதிரில் கோஷம் போடுபவனுக்கும் அவனுக்கும் ஒரே வயது. கல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. முதல் வரிசையில் எவனும் எறிய மாட்டான், நாலாவது ஐந்தாவது வரிசையிலிருந்துதான் வரும். ஒருவன் மண்டை உடைந்து விழுந்த பிறகு அந்த வரிசையை அமைதியாக நிறுத்திவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

லத்தியை இடுப்புக்குக் கீழேதான் வீச வேண்டும் என்று எங்களுக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓடுகிறவனும் துரத்துகிறவனும் இருக்கும்போது எது இடுப்பு, எது தோள் என்று அளந்து அடிக்க முடியாது. இது சமாதானம் இல்லை, நடப்பது. தம்பி வைகறை வழியைப் பற்றிச் சொன்னது சரி. நல்ல அதிகாரி முதலில் சந்துகளைத்தான் பார்ப்பார். ஆனால் சுற்றி வளைப்பதை நீங்கள் திட்டுவது எனக்குப் புரியவில்லை. லத்தி வீசுவதைவிட நிறுத்திவைப்பது மேல். இரண்டும் கூடாது என்றால் எங்கள் கையில் வேறு என்னதான் இருக்கிறது?

வழக்குரை:
ஐயா கேட்ட கேள்விக்குச் சட்டப் பக்கத்திலிருந்து ஒரு பதில். சுற்றி வளைப்பதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே ஒரு முறை அனுமதித்திருக்கிறது. 2001 மே 1 அன்று லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் அடைத்துவைத்த வழக்கு. 2012 மார்ச்சில் பெரிய அமர்வு, 14-க்கு 3 என்ற கணக்கில், அன்றைய சூழலில் அது சட்டவிரோதக் காவல் ஆகாது என்றது. கூர்வாளுக்கு இது பிடிக்கும். ஆனால் அதே தீர்ப்பு, போராட்டத்தை அடக்கவோ மக்களை வரவிடாமல் சோர்வடையச் செய்யவோ இந்த முறையைக் கையாளக் கூடாது என்றும் எச்சரித்தது. அன்று வன்முறை உண்மையான ஆபத்தாக இருந்தது, போலீஸ் நடுவில் விடுவிக்கவும் முயன்றது என்பதால்தான் தப்பித்தார்கள்.

போலீஸ் எப்போது பலத்தையும் துப்பாக்கியையும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஐநாவின் 1990 ஹவானா கோட்பாடுகள் இதைவிடத் தெளிவு. சட்டவிரோதமாகக் கூடியிருந்தாலும் வன்முறை இல்லாத கூட்டத்தின் மேல் பலத்தைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் குறைந்தபட்சமே. வன்முறைக் கூட்டத்திலும், வேறு வழி இல்லாதபோது, உயிரைக் காக்க மட்டுமே துப்பாக்கி. "அனுமதி வாங்காத கூட்டம்" என்பது அடிப்பதற்கான அனுமதி அல்ல. இதைப் பெரும்பாலானோர் மாற்றித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

நிலாமுற்றம்:
அவசரப் பிரிவில் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். "ரப்பர் குண்டுதானே, ஒன்றும் ஆகாது" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2017-ல் ஒரு மருத்துவ ஆய்விதழ் ரப்பர், பிளாஸ்டிக் குண்டுகள் பற்றிய பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தது. காயம்பட்ட 1,984 பேரில் 53 பேர் இறந்திருந்தார்கள், 300 பேருக்கு நிரந்தர ஊனம். ஊனத்தில் பெரும்பங்கு கண் போனதுதான். 2019-ல் சிலியில் மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியது என்று பள்ளி மாணவர்கள் தடுப்புகளைத் தாண்டிக் குதித்ததில் தொடங்கிய போராட்டத்தில் 400 பேருக்கு மேல் கண்ணில் காயம் என்று அந்நாட்டு மனித உரிமை நிறுவனமே கணக்கெடுத்தது. "ரப்பர்" என்று சொன்ன குண்டுகளைச் சிலி பல்கலைக்கழகம் சோதித்தபோது ரப்பர் 20 சதவீதம்தான். மீதி சிலிக்கா, பேரியம் சல்பேட், ஈயம்.

கண்ணீர்ப்புகை பட்டு வருகிறவருக்கு நாங்கள் முதலில் செய்வது சட்டையைக் கழற்றுவது. துணியில் ஒட்டிய தூள் பக்கத்து நோயாளிக்கும், எங்களுக்கும் இருமல் கொடுக்கும். அப்புறம் கண்ணைத் திறந்து பிடித்து நிறுத்தாமல் தண்ணீர் விட வேண்டும். அவரால் திறக்கவே முடியாது, இமை தானாக இறுகும், நாலு விரல் போட்டுப் பிரிக்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் ஆக்சிஜன். இது சாதாரணக் கேஸ். புகைக் குப்பியையே நேராக ஆள் மேல் சுட்டால் அது புகை இல்லை, உலோகக் குண்டு. மண்டை ஓடு உள்வாங்கிவிடும்.

போர்க்களத்தில் எதிரிப் படைமீது கண்ணீர்ப்புகையைப் பயன்படுத்த 1993 ரசாயன ஆயுத ஒப்பந்தம் தடை விதிக்கிறது. சொந்த நாட்டுக் கூட்டத்தைக் கலைக்க மட்டும் அனுமதிக்கிறது. இதற்குச் சட்டக் காரணம் சொல்வார்கள், எனக்கும் தெரியும். என்றாலும் படிக்கிற பிள்ளைகளின் நுரையீரலைப் பார்த்த பிறகு அந்தக் காரணம் என் மனதுக்குள் இறங்கவில்லை.

கூர்வாள்:
டாக்டரம்மா சொன்ன காயங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே எல்லாரும் காயத்தை ஒரு பக்கம் மட்டும் எண்ணுகிறீர்கள். வங்கதேசம், 2024. ஜூலை முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை 44 போலீஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள் என்று அந்நாட்டுக் காவல்துறை சொல்கிறது. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசுக் கணக்குப்படி இறந்த எழுபது பேரில் இருவர் போலீஸ்காரர்கள். கூட்டம் கைமீறினால் யார் உயிரும் உத்தரவாதம் இல்லை. அதனால்தான் ஆரம்பத்திலேயே அடக்க வேண்டும் என்கிறேன்.

வைகறை:
அந்த 44 பேரின் சாவு எனக்கும் வலிக்கிறது. ஆனால் வங்கதேசத்தை எடுத்தீர்கள் என்றால் முழுதாக எடுங்கள். ஜூலை 16 அன்று ரங்பூரில் அபு சயீத் என்ற மாணவர் இரு கையையும் விரித்து நின்றபோது போலீஸ் சுட்டது. அந்தக் காணொளியை நாடே பார்த்தது. அதுவரை அரசு வேலை ஒதுக்கீட்டைப் பற்றிய போராட்டம். அதற்குப் பிறகு ஆட்சியைப் பற்றிய போராட்டம். ஆகஸ்ட் 5-ல் பிரதமர் நாட்டைவிட்டே போனார். அந்த ஆறேழு வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் சொல்கிறது. ஆரம்பத்திலேயே அடக்கியதன் விளைவு இது.

1965-ம் அப்படியே. ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டம் அடங்கவில்லை, பரவியது. இரண்டு வருடத்தில் ஆட்சி மாறியது. கூட்ட உளவியலை ஆராய்ந்த ஸ்டீபன் ரீச்சர், கிளிஃபர்ட் ஸ்டாட் போன்றவர்கள் சொல்வதும் இதுதான்: சும்மா நிற்பவனையும் கல்லெறிபவனையும் போலீஸ் ஒன்றுபோல நடத்தினால், சும்மா நிற்பவன் கல்லெறிபவன் பக்கம் போய்விடுகிறான். 2004-ல் போர்ச்சுகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையில் கவசம் இல்லாமல் ரசிகர்களோடு பேசிக்கொண்டே காவல் செய்தார்கள், கலவர அணியைக் கண்ணில் படாமல் தள்ளி நிறுத்தினார்கள். அந்த முறையைக் கடைப்பிடித்த நகரங்களில் பெரிய கலவரம் இல்லை.

பழைய காக்கி:
கண்ணில் படாமல் நிறுத்துவது நல்ல முறை. சுவீடனிலும் 2001-ல் கோத்தன்பர்க் நகரில் நடந்த ஐரோப்பிய ஒன்றிய மாநாட்டில் போராடியவர்களைச் சுட்ட பிறகு, பேசுவதற்கென்றே தனிப் போலீஸ் அணி வைத்தார்கள். எங்கள் காலத்தில் இதற்குத் தனி அணி கிடையாது, ஆனால் வேலை நடந்தது. மாணவர் தலைவன் எவன், அவன் யார் பேச்சைக் கேட்பான் என்று தெரிந்த ஒரு ஏட்டு இருப்பார். "தம்பி, ஆறு மணிக்கு முடிச்சிருங்க, மனு வாங்க அதிகாரியை நான் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி முடித்துவிடுவார். வெளியிலிருந்து புதுப் படையை இறக்கினால் அந்த ஏட்டின் பேச்சு எடுபடாது. பாதிச் சிக்கல் அங்கேதான்.

ஆனால் கூர்வாள் சொல்வதையும் ஒதுக்க மாட்டேன். பேச்சு தோற்கும் நாளும் உண்டு. அன்று எவனாவது ஒருவன் வரிசையில் நின்றே ஆக வேண்டும்.

வழக்குரை:
நிற்கட்டும் ஐயா, எண்ணோடு நிற்கட்டும். ஹெல்மெட்டின் முன்னும் பின்னும் பெரிதாக எண். கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் 2011 நவம்பர் 18 அன்று தரையில் உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் மிளகாய்க் காரக் கரைசல் (பெப்பர் ஸ்ப்ரே) அடித்தார்கள். அடித்தவர் யார் என்று முகம் தெரிந்ததால் விசாரணை நடந்தது. அந்த வகைக் குப்பிக்கு அங்கே அங்கீகாரமே இல்லை, அதில் பயிற்சியும் இல்லை என்று தெரிந்தது. 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. முகம் மறைந்த இடங்களில் இது எதுவும் நடப்பதில்லை.

கூர்வாள்:
எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து மிரட்டுவார்கள். இன்றைக்கு ஒரு போட்டோ போதும்.

வழக்குரை:
எண்தான், பெயர் இல்லை. எண்ணுக்குரிய பெயர் துறையிடம் மட்டும் இருக்கும்.

பழைய காக்கி:
எண் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை. 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை 13 விநாடியில் அறுபது குண்டுகளுக்கு மேல் சுட்டு நான்கு மாணவர்களைக் கொன்றது. இறந்தவர்களில் மிக அருகே நின்றவரே 80 மீட்டர் தள்ளி நின்றார். இருவர் போராட்டத்திலேயே இல்லை, வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அதிபர் அமைத்த குழு அந்தத் துப்பாக்கிச் சூட்டைத் தேவையற்றது, மன்னிக்க முடியாதது என்றது. ஆனால் சுடச் சொன்னது யார்? இன்றுவரை அதற்குச் சண்டை. எங்கேயும் இதுதான் நடக்கும், மாட்டுவது கான்ஸ்டபிள். கீழே நிற்பவன் எண்ணோடு, உத்தரவு போட்டவன் பெயரும் நேரமும் எழுத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் நான் எதிர்ப்பேன்.

கூர்வாள்:
எழுத்தில் உத்தரவு வரும்வரை காத்திருந்தால் கட்டிடம் எரிந்து முடிந்திருக்கும். கென்ட் ஸ்டேட்டிலேயே இரண்டு நாள் முன்னால் ராணுவப் பயிற்சிக் கட்டிடத்தை எரித்தார்கள்.

வைகறை:
காகிதம் வேண்டாம். உத்தரவு வயர்லெஸ்ஸில்தான் வருகிறது, யார் எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதைக் கருவியில் பதிவு செய்தால் போதும். கலைக்கும் முன் எந்த வழி திறந்திருக்கிறது என்பதை அதிகாரி அதில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதையே ஒலிபெருக்கியில் மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும், பதிவை விசாரணை முடியும்வரை அழிக்கக் கூடாது. பத்து விநாடி ஆகும். எந்தக் கட்டிடமும் அதற்குள் எரிந்துவிடாது.