‘இரு’ என்னும் வினை: ஐஸ்லாந்தில் ஐந்து, நார்வேயில் ஒன்று

கேள்வி:
வணக்கம். நார்வேஜிய மொழியில் நான், நீ, அவர்கள் என எல்லா எழுவாய்க்கும் ‘ஏர்’ என்ற ஒரே நிகழ்கால வடிவம் போதும். இப்போது படிக்கத் தொடங்கியுள்ள ஐஸ்லாந்தியத்திலோ நானும் அவனும் ‘எர்’, நீ ‘எர்ட்’, நாம் ‘எரும்’, நீங்கள் ‘எருத்’, அவர்கள் ‘எரு’. இவ்விரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள்தாமா?

பதில் 1:
ஆம், இரண்டும் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தவையே. இருக்கிறேன், இருக்கிறாய் என்று விகுதி மாற்றிப் பழகிய நமக்கு ஐஸ்லாந்தியம் அந்நியமாகத் தோன்றக் கூடாது. சுவீடிய மொழியில் பேச்சிலிருந்து எப்போதோ மறைந்துவிட்ட ‘ஏரோ’ என்ற பன்மை வடிவம் எழுத்தில் மட்டும் நெடுங்காலம் நீடித்தது. 1945இல் அந்நாட்டுச் செய்தி நிறுவனம் வினைகளின் பன்மை வடிவங்களைக் கைவிட்ட பிறகே நாளிதழ்களிலிருந்தும் அது விடைபெற்றது. பரோயே தீவு மொழி நடுவழியில் நிற்கிறது: ஒருமையில் ‘எரி’, ‘எர்ட்’, ‘எர்’ என மூன்று, பன்மை மூன்றுக்கும் ‘எரு’ ஒன்றே.

பதில் 2:
எனக்கு இதைவிடச் சுவையானது இறந்தகால ‘வார்’. மிகப் பழைய நோர்ஸில் இது ‘வஸ்’. வினையின் பெயரும் ‘வெசா’. பன்மையில் இருந்த ரகரம் ஒருமைக்கும் பரவியதால் ‘வார்’, ‘வெரா’ ஆயின. ஆங்கிலத்தின் ‘வாஸ்’, ‘வேர்’ இணையில் அப்பழைய வேறுபாடு இன்றும் காணக் கிடைக்கிறது.

பதில் 3:
ஓர் எச்சரிக்கை: ‘அவன் வந்திருக்கிறான்’ என்பதற்கு டேனிய மொழி ‘ஏர்’ என்பதைத் துணைவினையாக்கும், சுவீடியமோ ‘ஹார்’, அதாவது ‘வைத்திரு’ என்னும் பொருள் தரும் வினையைக் கொள்ளும்.