இயற்கைக் கதிர்வீச்சைக் காட்டி அணு உலைக்கு வாதாடலாமா?

வெயிலோன்:
அணு உலை என்றதும் பலர் பதறிவிடுகிறார்கள். ஆனால் பிறந்தது முதல் நாம் கதிர்வீச்சுக்குள்தான் வாழ்கிறோம். மண், பாறை, விண்வெளி, உணவு, மூச்சுக்காற்று எல்லாம் சேர்ந்து உலகச் சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் ஏறத்தாழ 7. ஒழுங்காக இயங்கும் உலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு அதனால் கூடுவது, பொதுவாக இந்த 2.4-ல் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வாழைப்பழத்தில்கூட பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறதே!

நிலாமுற்றம்:
வாழைப்பழத்தை விட்டுவிடுங்கள். பொட்டாசியம் கூடினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், உடலில் அதன் அளவு மாறாது. உலையில் உண்டாகும் கதிரியக்க அயோடின்-131 அப்படியில்லை. தைராய்டு அதை இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1986-ல் சோவியத் நாட்டின் செர்னோபில் உலை வெடித்தபோது அது புல்லில் படிந்தது, மாடு மேய்ந்தது, பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். பிறகு ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. உலை ஒழுங்காக ஓடும் நாளின் கணக்கைத்தான் நீங்கள் காட்டுகிறீர்கள். மக்கள் பயப்படுவது மற்ற நாளுக்கு.

வெயிலோன்:
சரி, வாழைப்பழத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அயோடின்-131-இன் அரைவாழ்வு, அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 8 நாள்தான். சில வாரம் அந்தப் பாலை நிறுத்தியிருந்தால் அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் தப்பியிருப்பார்கள். சோவியத் அரசு உரிய நேரத்தில் சொல்லவில்லை. 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் உலை உடைந்தபோது பாலையும் கீரையையும் உடனே தடுத்தார்கள். அங்கே கதிர்வீச்சைவிட அவசர வெளியேற்றம்தான் அதிகம் பேரைக் கொன்றது. அந்த மாகாணத்தில் இடப்பெயர்வு முதலிய பேரிடர் அலைச்சலால் இறந்தவர்கள் 2,000-க்கும் மேல், பெரும்பாலும் முதியவர்கள்.

நிலாமுற்றம்:
உலை உடையாமல் இருந்திருந்தால் அந்த நோயாளிகளைப் படுக்கையிலிருந்து தூக்கிப் பேருந்தில் ஏற்றியிருப்பார்களா? அந்த மரணங்களையும் உலையின் கணக்கில்தான் எழுத வேண்டும். பயத்தின் மேல் பழி போட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டுப் போனார்கள். மில்லிசீவர்ட்டில் அதை எப்படி அளப்பது?

கல்மரம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கட்டடங்களில் ரேடான் அளப்பது என் தொழில். வெயிலோன் சொன்ன 2.4-ல் ஏறக்குறைய பாதி இந்த ரேடான்தான். பாறையிலுள்ள யுரேனியம் சிதையும்போது பிறக்கும் வாயு இது, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வந்து தங்கும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த காரணம் பல நாடுகளில் இதுதான். ஆகவே 'இயற்கையானது' என்பது 'தீங்கற்றது' ஆகிவிடாது. இதைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

குறைந்த அளவு கதிர்வீச்சு என்ன செய்யும் என்பதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மணலால் இயற்கைக் கதிர்வீச்சு பல மடங்கு அதிகம், ஆனாலும் அங்கே புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மறுபுறம் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் 3 லட்சம் அணுத்துறைத் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, கதிர்வீச்சின் அளவு கூடக்கூட புற்றுநோய் மரணமும் சிறிதளவு கூடுவதைக் காட்டியது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடினால் எந்தப் பக்கமும் ஜெயிக்கலாம்.

வெயிலோன்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என் ஒப்பீட்டை மாற்றுகிறேன். ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரிப் புகையால் இறப்பவர்கள், செர்னோபிலையும் ஃபுகுஷிமாவையும் சேர்த்த பிறகும், அணு மின்சாரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல். யாரும் பேருந்து வைத்து அவர்களை வெளியேற்றுவதில்லை. மூச்சுத்திணறி ஒவ்வொருவராகப் போகிறார்கள். என்னை உலுக்குவது அதுதான்.

நிலாமுற்றம்:
இந்த ஒப்பீடு நேர்மையானது, முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். நிலக்கரிக்காக நான் பேசவில்லை. எனக்கு மீதமிருப்பது கழிவு. அதிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள். பின்லாந்து 400 மீட்டருக்கும் கீழே பாறைக்குள், இந்தக் கழிவைப் புதைக்க, ஓன்காலோ சுரங்கத்தை வெட்டியிருக்கிறது. உலை நடத்தும் மற்ற நாடுகளில் பெரும்பாலானவை எரிபொருள் கழிவை இன்னும் உலை வளாகத்துக் குளங்களிலும் உருளைகளிலும்தான் வைத்திருக்கின்றன. புதிய உலைக்குக் கையெழுத்திடும் முன் அந்தச் சுரங்கத்துக்கான இடத்தை முதலில் காட்டட்டும்.