மூணு ஸ்டாப்பர் போட்டா ஓட்டை அடைஞ்சிடுமா?

வியாசர்பாடி சங்கத்து அண்ணன்மார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

துபாய்ல இருந்தும் சிங்கப்பூர்ல இருந்தும் வர்ற மெயில்ல எல்லாம் ஒரே பேச்சு: நம்ம ஃபுட்பால் டீம் சென்னையின் எஃப்சி பின்னாடி ஓட்டையை அடைக்க 4-2-3-1ஐ (நாலு பேக், அவங்க முன்னாடி ரெண்டு ஹாஃப், அப்புறம் மூணு பேர், முன்னாடி ஒரு ஸ்ட்ரைக்கர்) விட்டுட்டு மூணு ஸ்டாப்பர் (நடுவுல நிக்கிற டிஃபெண்டர்) வச்சு ஆடணுமாம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஓட்டை ஸ்டாப்பர்கிட்ட இல்லீங்க, அவங்களுக்கு முன்னாடி இருக்கு.

கிரவுண்டு அகலம் 68 மீட்டர். ரெண்டு சைடு பேக்கும் ஒண்ணா ஏறிட்டா அவ்வளவு அகலத்துக்கும் ரெண்டு ஸ்டாப்பர்தான். பந்து பறிபோன உடனே எதிர் டீம் முதல் பாஸை பேக் விட்டுட்டுப் போன மூலைக்குத்தான் தள்ளுவான். ஒரு ஸ்டாப்பர் அங்க ஓடுவார், நடுவுல ஒத்தை ஆள் மாட்டுவார். நடுக்களத்து ஹாஃப் ரெண்டு பேர்ல ஒருத்தர் நம்ம பெனால்டி பாக்ஸ் முன்னாடி நின்னிருந்தா சமாளிக்கலாம். ரெண்டு பேருமே பந்தைத் துரத்திக்கிட்டு ஏறிப் போயிட்டா, பேக் லைனுக்கு முன்னாடி இருபது மீட்டர் காலி.

2020 ஐஎஸ்எல் அரையிறுதி ஞாபகம் இருக்கும். இங்க சென்னையில கோவாவை 4-1ன்னு அடிச்ச நம்ம டீம் (அப்ப கோச் ஓவன் காய்ல்), கோவா கிரவுண்டு ஃபடோர்டால 4-2ன்னு தோத்துச்சு. அந்த நாலு கோல்ல 81வது நிமிஷத்துல ஒண்ணு, 83வது நிமிஷத்துல ஒண்ணு. மொத்தக் கணக்குல 6-5ன்னு தப்பிச்சு ஃபைனலுக்குப் போனோம். அங்க கொல்கத்தா டீம் ஏடிகே நம்மளை 3-1ன்னு அடிச்சது. நம்ம ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் கோலா அடிச்சுத் தள்ளின சீசன் அது, கோல் அடிக்கிறதுல குறையே இல்ல.

2018 ஃபைனல்னா நம்ம ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வ்ஸ் கார்னர்ல தலையால முட்டின ரெண்டு கோலைத்தான் எல்லாரும் சொல்வாங்க. ஜான் கிரெகரி கோச்சா இருந்த அந்த டீம்ல நடுக்களத்துல, பேக் லைனுக்கு முன்னாடி காவல் நின்னவர் நம்ம பேட்டை தன்பால் கணேஷ். அந்த வேலைக்கு ஹைலைட்ஸ்ல இடம் கிடைக்காது.

மூணு ஸ்டாப்பருக்கு வருவோம். களத்துல ஃபாரின் ஆளுக்கு நாலே இடம். கூடுதலா ஒரு ஃபாரின் ஸ்டாப்பரை இறக்கினா முன்னாடி ஒருத்தர் குறைவார். அதைவிடப் பெரிய சிக்கல் விங்-பேக். சைடு முழுக்க ஒருத்தரே ஏறி இறங்கணும். நம்ம ஊர் புழுக்கத்துல அறுபது நிமிஷத்துக்கு மேல கால் இழுக்கும். ஒரு மேட்ச்ல அஞ்சு பேரைத்தான் மாத்தலாம், அதுவும் ஆட்டத்தை நிறுத்தி மூணு தடவைதான் (ஹாஃப் டைம் கணக்குல வராது). ரெண்டு மாத்து அங்கயே போயிடும். விங்-பேக் ஏறலைன்னா பின்னாடி அஞ்சு பேர் ஒரே கோட்டுல ஒட்டிக்கிட்டு, வெளியில இருந்து வர்ற கிராஸை எண்ணிக்கிட்டு நிப்பாங்க.

என் கணக்கு வேற. ஒரு பேக் ஏறினா இன்னொருத்தர் உள்ள வந்து ஸ்டாப்பர் பக்கத்துல நிக்கணும்; அப்பவே பின்னாடி மூணு பேர் ஆச்சு. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி ஆடுற நம்பர் 10ஐ எடுத்துட்டு நடுவுல மூணு பேர், அதுல ஒருத்தர் நகராத காவல்: 4-3-3. ஸ்ட்ரைக்கர் தனியாத் தவிப்பார், உண்மைதான். அதுக்கு விங்கர்ல ஒருத்தர் சைடு லைன்ல இருந்து உள்ள வெட்டி அவர் பக்கத்துல போகணும். லீடு இருந்தா கடைசி கால் மணியில அஞ்சு பேக் போடலாம், தப்பில்ல. ஆனா அந்த பேக் லைன் பாக்ஸுக்குள்ள இறங்கக் கூடாது.

டிவில பாக்குறவங்களுக்குப் பின் வரிசை அவ்வளவா தெரியாது. நம்ம கார்னர் அடிக்கும்போது ஃபிரேமுக்குள்ள இருக்கிற நம்ம ஆளுங்களை எண்ணுங்க. கார்னர் அடிக்கிறவரோட சேத்து எட்டுக்கு மேல இருந்தா, கீப்பர் போக பின்னாடி ரெண்டு பேர்கூட இல்லன்னு அர்த்தம்.