ரசீது 214, ஸ்டேட்மென்ட்டில் வரவு 187: எங்கே தவறுகிறேன்?

கேள்வி

வணக்கம். ஒரு சங்கத்தின் கணக்கை இரண்டு மாதமாக நான் பார்த்து வருகிறேன். போன மாதம் எழுதிய ரசீதுகள் 214. வங்கி ஸ்டேட்மென்ட்டில் வரவு வரிகள் 187. தொகையில் ரசீதுப் பக்கம் 6,352 அதிகமாக இருக்கிறது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் இரண்டையும் போட்டு, தொகையை வைத்து வி-லுக்அப் (ஒரு மதிப்பை இன்னொரு பட்டியலில் தேடித் தரும் சூத்திரம்) கொடுத்தேன். 203 ரசீதுக்கு "இருக்கிறது" என்று வருகிறது. மொத்த வரவு வரிகளே 187 தான் என்னும்போது 203 எப்படிப் பொருந்தும்? மூன்று இரவு உட்கார்ந்து பார்த்துவிட்டேன், டேலி ஆகவில்லை. மற்றவர்கள் கொடுத்த பணம் என்பதால் மனம் கேட்கவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பதில் 1

ஒரே தொகை எத்தனை ரசீதில் வருகிறது? சந்தா என்றால் நிறைய இருக்குமே. வி-லுக்அப் மேலிருந்து தேடி முதலில் கிடைக்கும் வரியோடு நின்றுவிடும். அந்த வரி ஏற்கெனவே வேறொரு ரசீதுக்குப் போய்விட்டதா என்று அது பார்க்காது.

கேட்டவர்

1,500 மட்டும் 46 ரசீது! அப்படியென்றால் 46-க்கும் ஒரே வங்கி வரியைத்தான் காட்டியிருக்கிறது. இப்போது புரிகிறது. தேதியையும் சேர்த்துத் தேடிப் பார்த்தேன், பாதிக்கு மேல் விட்டுப்போகிறது.

பதில் 2

தேதி அப்படித்தான் செய்யும். நாம் ரசீது எழுதுவது ஒரு நாள், வங்கியில் வரவு விழுவது இன்னொரு நாள். நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். அதனால் முதலில் பரிவர்த்தனை எண்ணை வைத்துப் பொருத்துங்கள். அதில் மிஞ்சுவதற்கு மட்டும் தொகை, பெயர், இரண்டு மூன்று நாள் இடைவெளி. உறுதியானதிலிருந்து உறுதி குறைந்ததற்குப் போக வேண்டும். பொருந்திய வரியை உடனே பட்டியலிலிருந்து தனியே எடுத்து வையுங்கள், அப்போதுதான் அது இரண்டாவது ரசீதுக்குப் போகாது.

அந்தப் பரிவர்த்தனை எண்ணில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். ஸ்ப்ரெட்ஷீட் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். வங்கி தந்த கோப்பை இரட்டைக் கிளிக் செய்து நேராகத் திறந்தால், 16-ஆவது இலக்கத்திலிருந்து எல்லாம் பூஜ்யமாகிவிடும். எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களும் போய்விடும். பிறகு அந்தக் கட்டத்தை எழுத்து வகைக்கு மாற்றினாலும் போனது போனதுதான். கோப்பை மறுபடி இறக்குங்கள். உள்ளே கொண்டுவரும்போதே அந்தப் பத்தி எழுத்து வகை என்று சொல்லிவிடுங்கள்.

எழுத்தாக வைத்த பிறகும் கவுன்டிஃப் (ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரம்) அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டு, முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே என்று சொல்லும். எண்ணுக்கு முன் ஓர் எழுத்தை ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நான் "ர" போடுவேன்.

கண்ணுக்கு ஒரே மாதிரி இருந்தும் பொருந்தவில்லை என்றால் கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அதற்கான டிரிம் சூத்திரம் சாதாரண இடைவெளியைத்தான் நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் வருகிற பிரியா இடைவெளியை (பார்க்க அதே மாதிரிதான், ஆனால் வேறு குறி) தனியாக மாற்ற வேண்டும்.

பதில் 3

கார்டில் கட்டுகிறவர்கள் உண்டா? அந்தப் பணம் ஒவ்வொன்றாக வராது. பல ரசீதின் தொகையைக் கூட்டி, கமிஷனைக் கழித்து, ஒரே வரியாக வரும். யாருக்காவது பணம் திருப்பியிருந்தால் அதையும் கழித்துவிட்டுத்தான் வரும். எந்த ரசீதெல்லாம் சேர்ந்து இந்தத் தொகை வந்தது என்று கூட்டிக் கூட்டிப் பார்க்க வேண்டாம். 20 ரசீது இருந்தாலே பத்து லட்சத்துக்கு மேல் சேர்க்கைகள் வரும், தவறான சேர்க்கைகூட தற்செயலாகச் சரியாக அமைந்துவிடும். கட்டணச் சேவையின் தளத்தில் செட்டில்மென்ட் அறிக்கை (எந்த வரியில் எந்தெந்தக் கட்டணம் சேர்ந்தது என்ற விவரம்) இருக்கும், அதை இறக்குங்கள். ரசீதை முழுத் தொகைக்கே வைத்து, கமிஷனைச் செலவில் எழுதுங்கள்.

கேட்டவர்

இரண்டு நாள் ஆயிற்று, நிறையத் தெளிந்துவிட்டது. கார்டு ரசீது 35, வங்கியில் 9 வரிகளாக வந்திருக்கிறது, கமிஷன் 1,842. மாதக் கடைசி நாளில் போட்ட காசோலைகள் இரண்டு, 3,000-மும் 2,000-மும், அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் இருக்கின்றன.

ஆனால் 1,842-உம் 5,000-உம் சேர்த்தால் 6,842. வித்தியாசம் 6,352 தானே? இப்போது வங்கிப் பக்கம் 490 அதிகம். தவறு 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கும் என்று படித்தேன், 490 வகுபடவில்லை.

பதில் 2

நிகர வித்தியாசத்தை வகுக்காதீர்கள். அதில் இரண்டு தவறு கலந்திருக்கலாம். பொருந்தாமல் மிஞ்சிய வரிகள் என்னென்ன?

கேட்டவர்

ரசீதில் 4,850 ஒன்று. வங்கியில் 4,580 ஒன்று, 760 ஒன்று.

பதில் 2

4,850-இல் 4,580 போனால் 270. 9-ஆல் மட்டுமல்ல, 90-ஆலும் வகுபடுகிறது. நூறும் பத்தும் இடம் மாறினால் அப்படித்தான் வரும். 270-ஐ 90-ஆல் வகுத்தால் 3, உங்கள் 8-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் அதே 3. ஆனால் இது தடயம் மட்டுமே. ரசீதின் அடிக்கட்டையையும் கட்டியவர் பெயரையும் பார்க்காமல் திருத்தாதீர்கள்.

கேட்டவர்

அடிக்கட்டையில் 4,580 என்றே இருக்கிறது, பெயரும் ஒத்துப்போகிறது. தட்டச்சு செய்தபோது நான்தான் மாற்றிவிட்டேன். திருத்திவிட்டேன். இனி 760 மட்டும். வங்கி வரியில் பெயர் இல்லை. ஓர் உறுப்பினர் சரியாக 760 பாக்கி வைத்திருக்கிறார். அவர் பெயரில் ரசீது போட்டு முடித்துவிடலாமா?

பதில் 3

தயவுசெய்து வேண்டாம். தொகை ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பித்தானே 203 வந்தது. நாளைக்கு அனுப்பியவர் வந்து கேட்டால் ரசீதை ரத்து செய்ய வேண்டும், பாக்கிக்காரரிடம் மறுபடி கேட்கவும் வேண்டும். இப்போதைக்கு அனாமத்துக் கணக்கில், அதாவது யாருடையது என்று தெரியாத பணத்துக்கான தற்காலிகக் கணக்கில், வையுங்கள். அனுப்பியவர் விவரம் கேட்டு வங்கிக்கு எழுதுங்கள். ரசீதையும் வங்கியையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் காட்டும் சரிக்கட்டும் பட்டியலில் தேதியோடு தனி வரியாகக் காட்டுங்கள். அது அங்கே தெரிவதில் தவறே இல்லை.

கேட்டவர்

அந்த உறுப்பினரிடமே கேட்டுவிட்டேன். தான் இன்னும் அனுப்பவில்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்கிறார். நல்லவேளை, நேற்றே ரசீது போடவில்லை. 760 அனாமத்தில் இருக்கிறது, வங்கிக்குக் கடிதமும் கொடுத்தாயிற்று. மற்ற எல்லாம் டேலி. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.