ஒரு டிஷ், மூன்று டிவி, ஒரு ரெக்கார்டர்: மாடி பாக்ஸ் ஓடினால் ஹாலில் பாதி சேனல் போகிறது, உதவுங்கள்

சத்துவாச்சாரி மாடிவீடு:
வணக்கம். வீடு வேலூர் சத்துவாச்சாரியில், மலை ஓரம். மொட்டை மாடியில் 60 செ.மீ. டிஷ், ஒற்றை எல்என்பி (டிஷ் முன்னால் சிக்னலை வாங்கும் தலை). வரும் ஒரே கேபிளை மேலேயே இரண்டு வழி ஸ்ப்ளிட்டரில் பிரித்திருக்கிறார்கள். ஒன்று ஹால் பாக்ஸுக்கு, சுமார் 25 மீட்டர். இன்னொன்று மாடி அறைக்கு, 8 மீட்டர்.

மாடி பாக்ஸ் ஓடும்போது ஹாலில் சில சேனல்கள் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்கின்றன. மற்றவை பளிச்சென்று தெரிகின்றன. ஹால் பாக்ஸில் பென் டிரைவ் செருகி இரவு சீரியலை ரெக்கார்டிங்கில் போட்டால் சில நாள் வெறும் கறுப்புத் திரைதான்.

மலை மறைக்கிறதா? ரெக்கார்டிங் வசதியுள்ள பெரிய பாக்ஸ் வாங்கினால் தீருமா? அமெரிக்காவில் அண்ணன் வீட்டில் ஹாலில் ஒரே டிவிஆர் (பதிவு செய்யும் பாக்ஸ்), அறைக்கு அறை சின்னப் பெட்டி, எங்கே பதிந்தாலும் எங்கேயும் பார்க்கலாம். இங்கே அப்படி முடியுமா? அப்பா அம்மா அறைக்கும் மூன்றாவதாக ஒரு டிவி வரப்போகிறது.

ஆற்காடு டிஷ்:
மலையை விட்டுவிடுங்கள் சார். 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் வேலூரிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 67 டிகிரி உயரத்தில் நிற்கிறது, திசை தென்கிழக்கு. 83 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-24 இன்னும் மேலே, 74 டிகிரி. 108.2 டிகிரியில் இருப்பதுதான் கொஞ்சம் தாழ்வு, அதுவும் 53. இந்த உயரத்தை மறைக்க வேண்டுமானால் டிஷ்ஷுக்கு ஒட்டினாற்போல் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ இருக்க வேண்டும். மலை மறைத்தால் எல்லா சேனலும் சேர்ந்து போகும், பாதி மட்டும் போகாது.

குற்றவாளி ஸ்ப்ளிட்டர். எல்என்பிக்கு எந்தப் போலரிட்டி (அலை அதிரும் திசை) வேண்டும் என்பதை பாக்ஸ் மின்னழுத்தத்தால் சொல்கிறது: 13 வோல்ட் என்றால் செங்குத்து, 18 என்றால் கிடை. யுனிவர்சல் எல்என்பியில் மேல் பட்டை (உயர் அதிர்வெண் பகுதி) வேண்டுமானால் அதே கம்பியில் 22 கிலோஹெர்ட்ஸ் டோனும் சேர்ந்து போகும். ஒரே எல்என்பியிடம் ஹால் 13 கேட்க, மாடி 18 கேட்டால், பெரிய வோல்ட்தான் ஜெயிக்கும். ஹாலில் செங்குத்துச் சேனல்கள் காணாமல் போகும். ஸ்டாண்ட்பையில் கிடந்தாலும் பல பாக்ஸ்கள் எல்என்பிக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் கறுப்புத் திரை ரெக்கார்டிங்குக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

உறுதி செய்ய: இரண்டு பாக்ஸையும் சுவர் சுவிட்சில் அணையுங்கள். ஸ்ப்ளிட்டரில் எல்என்பி பக்கக் கேபிளைக் கழற்றுங்கள். ஹால் பாக்ஸை மட்டும் போட்டு, காணாமல் போகும் சேனல் ஒன்றை வையுங்கள். ஸ்ப்ளிட்டரில் அந்தக் கேபிள் இருந்த துளையின் நடுவுக்கும் அதன் உலோக உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். பிறகு மாடி பாக்ஸையும் போட்டுப் பாருங்கள். மீட்டர் ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது. திரும்ப மாட்டும் முன் மறுபடி இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

காட்பாடி ஈதர்நெட்:
எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஸ்ப்ளிட்டர்தான், தகராறே இல்லையே?

ஆற்காடு டிஷ்:
அந்த வீட்டார் பார்க்கிற சேனல் எல்லாம் ஒரே போலரிட்டியில், ஒரே பட்டையில் இருந்தால் ஓடும். இரண்டு பாக்ஸும் ஒரே வோல்ட்டைத்தானே கேட்கின்றன. ஆனாலும் ஸ்ப்ளிட்டர் 4 டெசிபெல் வரை சிக்னலைத் தின்னும். ஐப்பசி மழையில் முதலில் படம் உடைவது அந்த வீட்டில்தான்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
அளந்தேன் அண்ணா. ஹால் மட்டும்: 13.3. மாடியையும் போட்டதும் 17.8. ஹால் கேபிளின் நடுக்கம்பி காந்தத்தில் ஒட்டுகிறது, அது பரவாயில்லையா?

குடியாத்தம் சிக்னல்:
அப்போ சந்தேகமே இல்லை. காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே செம்புப் பூச்சு. 25 மீட்டருக்குச் சிக்னலைப் பொறுத்தவரை குறையில்லை. ஆனால் டிசி தடை அதிகம், நீளம் கூடக்கூட 18 வோல்ட் மெலியும். புதிதாக இழுப்பதை முழுச் செம்பு ஆர்ஜி-6 வகைக் கேபிளாகவே வாங்குங்கள். 2150 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டெசிபெல் போய்விடும், நடுவில் ஜாயிண்ட் வேண்டாம்.

அடுத்து, டிவியை எண்ணாதீர்கள், டியூனரை (பாக்ஸுக்குள் சேனலைப் பிடிக்கும் உறுப்பு) எண்ணுங்கள். ஒன்றைப் பதிந்துகொண்டே வேறொன்றைப் பார்க்கும் பாக்ஸுக்குள் இரண்டு டியூனர். சாதாரண அமைப்பில் அதற்கு எல்என்பியிலிருந்து இரண்டு கேபிள். மாடிக்கு ஒன்று, அப்பா அம்மா அறைக்கு ஒன்று. மொத்தம் நான்கு, அதாவது குவாட் எல்என்பி. கடையில் ‘குவாட்ரோ’ என்று ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், வாங்கிவிடாதீர்கள்! அதில் நான்கு முனையும் நான்கு நிலையான பட்டை-போலரிட்டிக்கு. அந்த நான்கையும் பாக்ஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மல்டிஸ்விட்ச் இல்லாமல் உதவாது. பெயர் ஒத்துப்போவதால் ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஒரே கேபிளில் பல டியூனரை ஓட்டும் யூனிகேபிள் முறையும் உண்டு. இஎன் 50494 தரத்தில் 8 வரை, இஎன் 50607-இல் 32 வரை. பாக்ஸ் மெனுவில் அதற்கான தெரிவு இல்லையென்றால் அந்த எல்என்பி வீண்செலவு. முதலில் மெனுவைத் திறந்து பாருங்கள்.

முனைகளில் திருகு கனெக்டரை விட அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் கனெக்டர் நல்லது. நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 மி.மீ. நீண்டால் போதும். கேபிளைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலின் ஒரு இழைகூட அதைத் தொடக்கூடாது, தொட்டால் ஷார்ட். எல்என்பி அருகே கேபிளை ஒரு வளையமாகத் தொங்க விடுங்கள், மழைத்தண்ணீர் கனெக்டருக்குள் போகாமல் கீழே சொட்டும். மலைப்பக்கம் குரங்கு வரும் என்றால் மொட்டை மாடியில் ஓடுகிற கேபிளை பிவிசி குழாய்க்குள் விடுங்கள். வேலூர் வெயிலில் மேலுறை வெடிக்காமலும் இருக்கும்.

காட்பாடி ஈதர்நெட்:
டிவிஆர் கேள்விக்கு வருகிறேன். அண்ணன் வீட்டில் இருப்பது ஜீனி, ஹாப்பர் என்ற அமெரிக்க டிஷ் டிவிஆர் வகை. ஹாப்பர் 3-இல் 16 டியூனர், 2 டெராபைட் டிஸ்க். அறைப் பெட்டிகளில் டியூனரே இல்லை, ஹாலில் இருப்பதிடம் வாங்கிக் காட்டுகின்றன. அதை இங்கே கொண்டுவந்து பயனில்லை ப்ரோ. அந்தச் செயற்கைக்கோள்கள் நம் அடிவானத்துக்குக் கீழே.

இங்கே இருப்பது அறைக்கு ஒரு முழு பாக்ஸ், அதற்கென ஒரு சந்தா. ஹாலில் பதிந்த கோப்பு அந்தப் பாக்ஸின் சாவியால் பூட்டப்பட்டது. டிஸ்க்கைப் பிடுங்கி மாடி பாக்ஸில் செருகினாலும் கம்ப்யூட்டரில் செருகினாலும் ஓடாது. ‘எங்கேயும் பார்க்கலாம்’ என்பதற்கு இரண்டு வழிதான் எனக்குப் படுகிறது.

முதல் வழி, ஹால் பாக்ஸின் எச்டிஎம்ஐயை இரண்டாகப் பிரித்து, கேட்-6 நெட்வொர்க் கேபிளில் ஓடும் எக்ஸ்டெண்டர் வழியே மாடிக்கு அனுப்புவது. ரிமோட் சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும் ஐஆர் கண் உள்ள எக்ஸ்டெண்டராகப் பாருங்கள். குறை: ஹாலில் என்ன ஓடுகிறதோ அதுவேதான் மாடியிலும்.

இரண்டாவது, இலவசச் சேனல் போதுமென்றால். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாத சேனல்களை டிவிபி-எஸ்2 (செயற்கைக்கோள் டிவி) டியூனர் ஒன்றில் வாங்கி, டிவிஹெட்எண்ட் மென்பொருள் ஓடும் சின்னக் கம்ப்யூட்டரில் பதிந்து, வீட்டு நெட்வொர்க்கில் எல்லா டிவிக்கும் கொடுக்கலாம். உண்மையான பல அறை டிவிஆர் இதுதான். கட்டணச் சேனலுக்கு இது ஆகாது.

பென் டிரைவை எடுத்துவிடுங்கள். ஓயாமல் எழுதினால் சீக்கிரம் தேயும், எழுதும் வேகமும் தடுமாறும். 500 ஜிபி டிஸ்க் போதும்: எச்டி 6 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மணிக்கு 2.7 ஜிபி, ஏறக்குறைய 185 மணி நேரம் பிடிக்கும். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று நின்று நின்று ஓடினால் பாக்ஸின் யூஎஸ்பி மின்சாரம் போதவில்லை. தனி அடாப்டர் உள்ள ஹப் போடுங்கள்.

ஆற்காடு டிஷ்:
பணம் பற்றி ஒரு வரி. கூடுதல் டிவிக்கு முதல் இணைப்பின் நெட்வொர்க் கட்டணத்தில் (சேனல் விலை போக மாதாமாதம் வாங்கும் அடிப்படைக் கட்டணம்) 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2020-இல் வைத்தது. 2024 ஜூலையில் நெட்வொர்க் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. மூன்றாவது பாக்ஸுக்கு மாதம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு போடுங்கள்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
குவாட் எல்என்பி மாட்டியாச்சு, ஸ்ப்ளிட்டர் போச்சு. ஆனால் இப்போது எல்லா அறையிலும் ஸ்ட்ரெங்த் 85, குவாலிட்டி 30. படம் கட்டம் கட்டமாக உடைகிறது. டிஷ்ஷை நான் தொடவே இல்லை. புது எல்என்பியை கேபிள் முனைகள் நேராகக் கீழே பார்க்க வைத்தேன், தண்ணீர் இறங்காதே என்று.

குடியாத்தம் சிக்னல்:
அதுதான் கோளாறு. ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி இல்லை என்றால் இரண்டு போலரிட்டியும் கலக்கிறது. வேலூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் எல்என்பி சாய்வு நமக்கு மிகவும் பெரிது: 83 டிகிரிக்கு 16, 93.5-க்கு 47, 108.2-க்கு 65 டிகிரி வரை. நேராகக் கீழே வைத்தால் 93.5-இல் கிடையும் செங்குத்தும் சரிபாதி கலந்துவிடும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி, எல்என்பியைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் 5 டிகிரி, பிறகு 5 வினாடி பொறுங்கள். குவாலிட்டி எண் தாமதமாகத்தான் மாறும். கிளாம்பைத் தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
பாதிச் சாய்வு வந்ததும் 30-லிருந்து 78-க்கு ஏறியது. மூன்று அறையிலும் வேறு வேறு சேனல் வைத்து இரண்டு மணி நேரம் ஓட விட்டேன், ஒன்றும் போகவில்லை. ரெக்கார்டிங்கும் முழுதாக இருக்கிறது. கிளாம்பில் மார்க்கரால் கோடு போட்டு வைத்துவிட்டேன்.