அம்மா ஆய்ந்த புளிச்சகீரை

பிராம்ப்டனில் வாடகை வீட்டில் இருந்தவரை எனக்கு இந்த ஆசை வரவில்லை. வந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, கஞ்சாச் செடி வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. சொந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் நான்கு விதை வாங்கினேன். கனடாவில் எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு நான்கு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை. ஒரே வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் நான்குதான்.

மே கடைசியில், உறைபனி பயம் போனதும், தக்காளிக்கும் மிளகாய்க்கும் பக்கத்தில் நட்டேன். வெயிலும் தண்ணீரும் இருந்தால் போதும், தானாக வளர்கிறது. ஜூலையில் என் தோள் உயரம்.

அந்த நேரம் பார்த்து அம்மா தர்மபுரியிலிருந்து வந்து சேர்ந்தார். செடியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை எழுந்து வந்தால், சமையலறையில் ஒரு தட்டு நிறைய இலை. அம்மா உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

"ஏன்டா, கொல்லையில இவ்ளோ புளிச்சகீரைய வச்சுக்கிட்டு கடையில போய் பாலக் வாங்கிட்டு வர்றியே? ஒரு இலை வாயில போட்டுப் பாத்தேன், புளிப்பே இல்ல. இந்த ஊரு மண்ணு சரியில்ல."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. புளிச்சகீரையில் ஒரு வகைக்குத் தாவரவியல் பெயரே ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ்; இலை கஞ்சா இலை மாதிரியே விரிந்திருப்பதால் வந்த பெயர். நல்லவேளை, பச்சை இலை ஒன்றைத் தின்றால் போதை ஏறாது. அதில் இருப்பது சூடு பட்டால்தான் போதைப் பொருளாக மாறும்.

விஷயத்தைச் சொன்னதும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய் வாசல் கதவைப் பூட்டினார். அவர் பயமும் நியாயம்தான். நம் ஊரில் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து வருடம் வரை உள்ளே போகலாம். இங்கே சட்டம் வேறு என்று எத்தனை முறை சொன்னாலும், தெருவில் போலீஸ் வண்டி போனால் ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்.

ஆனால் விவசாயக் குடும்பத்துக் கை சும்மா இருக்குமா? பத்து நாளில் அவரே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிட்டார். ஆகஸ்டில் ஒரு செடியில் மட்டும், பெண் செடிக்கு வரும் வெள்ளை முடிக்குப் பதில் சின்னச் சின்ன மொட்டு உருண்டைகள். ஆண் செடி, விட்டுவைத்தால் மகரந்தம் பரவி மற்றதெல்லாம் விதை பிடித்துவிடும் என்றேன். "பப்பாளி மாதிரிதானே, அதுக்கு எதுக்கு இவ்ளோ நேரம் பாத்துட்டு நிக்கிற?" என்று வேரோடு பிடுங்கிப் போட்டார்.

மீதி மூன்றில் ஒன்று பூக்கவே மறுத்தது. ராத்திரி நீளும்போதுதான் இது பூ வைக்கும். பக்கத்து வீட்டுப் பின்பக்க விளக்கு விடிய விடிய அதன் மேல் அடித்துக்கொண்டிருந்தது. தொட்டியாக இருந்திருந்தால் நகர்த்தியிருப்பேன். செப்டம்பரில் மற்ற இரண்டும் பூத்தபோது வாடை தெருமுனை வரை போயிற்று. கொடியில் காயப்போட்ட புடவையில் ஏறிவிட்டது என்று என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அக்டோபர் மழை. இருப்பதிலேயே கொழுத்த பூவைப் பிரித்தால் உள்ளே சாம்பல் பூஞ்சை. ஒரு செடியை அப்படியே தூக்கிப் போட்டேன்.

அம்மா ஊர் கிளம்பும்போது அவர் பெட்டியை நான் மூன்று முறை சோதித்தேன். இங்கே சட்டப்படி வளர்த்தது என்றாலும் ஒரு இலை எல்லை தாண்டினால் குற்றம். நான்காவது முறை திறந்தபோது கையைத் தட்டிவிட்டார்.

இதை இணையத்தில் எழுதிப் போட்டதும் மான்ட்ரியலிலிருந்து ஒரு பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். எங்கள் கியூபெக் மாகாணத்தில் கடையில் வாங்கலாம், வீட்டில் ஒரு செடிகூட வைக்கக் கூடாது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023இல் தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. நான் தக்காளியோடு நிறுத்திக்கொண்டேன்.

பெர்லினிலிருந்து: இங்கே 2024 ஏப்ரல் முதல் ஒருவர் மூன்று செடி வைக்கலாம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல். என் மேல்வீட்டுக்காரர் பால்கனியில் வைத்திருக்கிறார். வாடை எங்கள் வீட்டுக்குத்தான் இறங்குகிறது. அது சரி, அந்தத் தட்டில் ஆய்ந்த இலையை என்ன செய்தீர்கள்?